லாங்போர்டு (நீளமான ஸ்கேட்போர்டு) பூட்ட எந்தத் திருகு வாங்குவது?

பலகையும், அதன் அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரண்டு ட்ரக்கும் கைக்கு வந்துவிட்டன, திருகு மட்டும் கோவையிலேயே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம்.

ட்ரக்குக்கு நான்கு வீதம் எட்டு வேண்டும். பலகைக்கும் ட்ரக்குக்கும் நடுவே உயரத்துக்காக வைக்கும் ரைசர் அட்டை இல்லையென்றால் பெரும்பாலும் 1 அங்குலம் போதும்; கால் அங்குல ரைசர் வைத்தால் ஒன்றரை அங்குலம். அசல் திருகு 10-32 என்ற அங்குல மரை. 5 மி.மீ. மெட்ரிக் போல்ட்டும் பொதுவாக நுழைந்துவிடும், ஆனால் நட்டும் மெட்ரிக்காகவே இருக்கட்டும். கலந்து போட்டால் மரை கெட்டுவிடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டையே கேளுங்கள். சாதா நட்டு அதிர்வில் கழன்றுவிடும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எட்டையும் முதலில் கையால் பூட்டி, பிறகு மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். திருகின் தலை பலகையோடு மட்டமானதும் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் மரம் நசுங்கி விரிசல் விடும்.

சக்கரத்துக்குள் போகும் பேரிங் 608 எண்: உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மி.மீ. மோட்டார் பம்ப் செய்யும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. அச்சு நட்டை முழுக்க இறுக்கிவிட்டு இம்மியளவு தளர்த்துங்கள். சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் மெல்லிய ஆட்டம் விரலுக்குத் தெரிய வேண்டும்.

ஓட்டும் முன் பலகையின் ஓரத்தில் முழு எடையையும் வைத்து அழுத்துங்கள். சக்கரம் பலகையைத் தொட்டால் ரைசர் கட்டாயம் தேவை. திருப்பத்தில் அப்படித் தொட்டால் சக்கரம் நின்று ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.