துரத்தின நாட்டோட படத்தை ஏன் காப்பாத்தணும்?

வணக்கம் சார்,

ஜெர்மன் டைரக்டர் வெர்னர் ஹெர்சாக் 1974ல மியூனிக்லேர்ந்து பாரீஸுக்கு நடந்தே போன கதைய நீங்க ஒரு பேச்சுல சொன்னீங்க. உடம்பு முடியாம கிடக்காங்கன்னு அவர் பாக்கப்போன லோட்டே ஐஸ்னர் யாருன்னு அப்புறம்தான் தேடிப் படிச்சேன். யூதப் பெண், 1933ல பெர்லினை விட்டு ஓடி வந்தவங்க, அம்மாவ நாஜி முகாம்ல பறிகொடுத்திருக்காங்க. அப்படியும் பாரீஸ்ல உக்காந்து ஜெர்மன் படங்களையே தேடித்தேடி சேர்த்திருக்காங்க. எனக்குப் புரியவே இல்ல. நானா இருந்தா பாத்த இடத்துலயே கொளுத்தியிருப்பேன். இது பெருந்தன்மையா இல்ல ஊர்ப்பாசமா?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள நண்பருக்கு,

கொளுத்துறதுக்கு நீங்க பெருசா மெனக்கெடவே வேண்டியதில்ல. அந்தக் காலத்துப் பிலிம் எல்லாம் நைட்ரேட்ங்கிற சீக்கிரம் தீப்பிடிக்கிற பொருள்ல செஞ்சது. ஒருதடவ தீப்பிடிச்சா எரியறதுக்கான ஆக்ஸிஜனையும் அதுவே விட்டுக்கும், தண்ணிக்குள்ள முக்கினாலும் அணையாது. தீ வைக்கலேன்னாலும் சும்மா இருக்காது, மொதல்ல படம் மங்கும், அப்புறம் சுருள் பிசுபிசுன்னு ஒட்டிக்கும், கடைசில டப்பாவ திறந்தா பழுப்பா தூள்தான் இருக்கும். இது போதாதுன்னு பேசும்படம் வந்ததும் மௌனப்படம் இனி எதுக்குன்னு அதுல இருக்குற வெள்ளிக்காக உருக்கியே வித்தாங்க. அதனால ஒரு பழைய படம் அழியணும்னா யாரும் ஒண்ணும் செய்யாம இருந்தாலே போதும், இருக்கணும்னாதான் ஒரு ஆள் கூடவே கிடக்கணும்.

ஐஸ்னர் அப்படிக் கூடவே கிடந்தவங்க. ஜெர்மன்காரங்களுக்குப் பயந்து பிரான்ஸுக்கு வந்தாங்களா, 1940ல பிரான்ஸ்காரன் நீ ஜெர்மன்காரிதானேன்னு புடிச்சு கூர்ஸ் முகாம்ல போட்டுட்டான் (அகதி வாழ்க்கைல இந்தக் கூத்துக்கு மட்டும் எந்தக் காலத்துலயும் குறைவில்ல). அங்கேர்ந்து தப்பிச்சு லூயிஸ் எஸ்காஃபியேங்கிற பொய்ப்பேர்ல தெற்குப் பக்கம் ஃபிஜாக் ஊர்ல ஒளிஞ்சு இருந்தாங்க. பக்கத்துல பெதுயேர்னு ஒரு பழைய கோட்டை. பழைய படங்களைச் சேர்த்து வெச்சு போட்டும் காட்டுற பாரீஸ் சினிமாதெக்கை நடத்தின ஆன்றி லாங்லுவா, ஜெர்மன்காரங்க கைல சிக்கக்கூடாதுன்னு படப்பெட்டிகளை அங்கதான் பதுக்கியிருந்தார். அந்தக் குளிர்ல ஒவ்வொரு டப்பாவா திறந்து, இது என்ன படம், எந்த நிலமைல இருக்குன்னு பாத்து லிஸ்ட் எழுதினது இவங்க. புடிபட்டா அவங்க அம்மா போன வழிதான்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். துரத்தின நாட்டோட படம்னு சொல்றீங்க. அங்கதான் நான் மாறுபடறேன். 1920ல வந்த 'கேலிகாரி' படத்தையே எடுத்துக்குங்க, ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம்னாலே (மனசுல இருக்குற பயத்தை கோணல்மாணலான செட்டுலயும் நிழல்லயும் காட்டுற பாணி) எல்லாரும் மொதல்ல சொல்ற படம். டைரக்டர் ராபர்ட் வீனே 1938ல பாரீஸ்ல அகதியா செத்தார். கதை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் கார்ல் மேயர், லண்டன்ல செத்தார். தூக்கத்துல நடக்குறவனா நடிச்ச கான்ராட் வைட் நாஜிகள் வந்ததும் கிளம்பிட்டார், கடைசில ஹாலிவுட்ல நாஜி அதிகாரி வேஷம் கட்டியே பொழைக்க வேண்டியதாச்சு. புரொட்யூசர் எரிக் பொம்மரும் 1933ல வெளியேறினவர்தான். அப்ப இந்தப் படம் யாரோடது, ஹிட்லரோடதா? அதை நீங்க கொளுத்தியிருந்தா அவனுக்குத்தான் ஒரு வேலை மிச்சம். ஐஸ்னர் காப்பாத்தினதுல பாதி, தன்னை மாதிரியே துரத்தப்பட்டவங்களோட வேலைய. அதுல பெருந்தன்மைக்கு என்ன இருக்கு? வீடு எரியும்போது சொந்தக்காரங்க சாமானை வெளிய இழுத்துப் போடறதுதானே.

போர் முடிஞ்சு 1945லேர்ந்து 1975 வரைக்கும் சினிமாதெக்கோட தலைமைக் காப்பாளர் அவங்கதான். படத்தோட நிறுத்திக்கல, பழைய ஆர்ட் டைரக்டர்களைத் தேடிப்போய் செட்டுக்கு வரைஞ்ச படங்கள்னு எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தாங்க. ஜெர்மனில உள்ளவங்களுக்கே அதெல்லாம் குப்பையா தெரிஞ்ச காலம் அது.

எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இனிமேதான். அறுபதுகள்ல விம் வெண்டர்ஸ்னு ஒரு ஜெர்மன் பையன் பாரீஸுக்கு ஓவியனாகணும்னு வந்து, சினிமாதெக்லயே பழியா கிடந்து படம் பாத்தான், பின்னால டைரக்டராவும் ஆனான். பின்னாடி 1984ல தன்னோட ஒரு படத்தையே ஐஸ்னருக்கு சமர்ப்பணம் பண்ணினான். ஹெர்சாக் நடந்து போனதும் இந்தக் கணக்குலதான் சேரும். நாஜிகளுக்கு அப்புறம் வந்த பசங்களுக்கு அப்பாக்கள் மேல நம்பிக்கை இல்ல, தாத்தாக்களோட சினிமாவ காட்டி நீங்க இவங்க வாரிசுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நாட்டை விட்டே துரத்தப்பட்ட கிழவியா பாரீஸ்ல இருந்தாங்க. நடந்து போனா சாக மாட்டாங்கன்னு ஹெர்சாக் நம்பினார், அதுக்கப்புறம் ஒம்பது வருஷம் இருந்து 1983லதான் போனாங்க.

ஊர்ப்பாசமான்னும் கேட்டிருந்தீங்க. அத முழுசா இல்லேன்னு என்னால சொல்ல முடியல. அவங்க செத்த அடுத்த வருஷம் வந்த சுயசரிதைக்கு ஹைனேவோட ஒரு கவிதை வரிதான் தலைப்பு, அவரும் பாரீஸ்ல அகதியா இருந்து செத்த ஜெர்மன் யூதர்தான். 'எனக்கும் ஒரு காலத்தில் அழகான தாய்நாடு இருந்தது'.

அன்புடன்