சீனத்துப் பந்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளி வினாடிவினாவில் ‘கால்பந்து பிறந்த நாடு எது?’ என்ற கேள்விக்கு இங்கிலாந்து என்று எழுதி என் மகள் மதிப்பெண் வாங்கிவிட்டாள். அலுவலக நண்பரோ சீனா என்கிறார், ஃபிஃபாவே ஒப்புக்கொண்டதாம். எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளின் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். இன்று டிவியில் பார்க்கும் ஆட்டத்தின் விதிகள் 1863ல் லண்டனில் எழுதப்பட்டவை. நண்பர் சொல்வதும் பொய்யில்லை. காலால் ஆடும் பந்தாட்டத்தின் மிகப் பழைய வடிவம் சீனத்தில் தோன்றியது என்று 2004ல் அன்றைய ஃபிஃபா தலைவர் செப் பிளாட்டர் சொன்னார். சூஜூ என்று பெயர், பந்தை உதைத்தல் என்று பொருள். ஜப்பானுக்குப் போய்க் கெமாரி ஆனது. லண்டனுக்குப் போகவில்லை.

இந்த வாரிசு வழக்கைவிட சூஜூவின் கதைதான் எனக்குப் பிடிக்கும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சுன்யூ யீ என்றொரு வைத்தியர். ஒரு நோயாளியிடம், உடம்பை வருத்தினால் ரத்தம் கக்கிச் சாவாய் என்று எச்சரித்து அனுப்பினார். அந்த ஆள் நேரே போய்ப் பந்தாடினார். வியர்த்துக் கொட்டியது, ரத்தம் கக்கினார், செத்தார். வரலாற்றாசிரியர் சிமா சியான் இதைப் பதிந்துவைத்திருக்கிறார். முழங்கால் அறுவை முடிந்த மூன்றாம் வாரமே ஷட்டில் ஆடக் கிளம்பிய ஒரு நண்பர் எனக்கும் உண்டு.

சீனத்தை ஹான் வம்சம் ஆண்ட காலத்தில் இது படைவீரர் பயிற்சி. தோலுக்குள் மயிர் திணித்த கனத்த பந்து, இரண்டு அணிகள், தள்ளுமுள்ளு. போர்முனையில் வீரர்கள் பசியால் எழ முடியாமல் கிடந்தபோதும் தளபதி ஹுவோ சூபிங் களம் அமைத்துப் பந்தாடினாராம். லி யூ என்பவர் ஆட்டக்களத்துக்காக எழுதிய வாசகத்தில், நடுவர் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்கக் கூடாது என்கிறார். அப்போதே அந்தப் புகார் இருந்திருக்கிறது!

பின்னால் வந்த தாங் வம்சத்தின் காலத்தில் காற்றடைத்த பந்து வந்தது. பந்து லேசானது, ஆட்டமும் மாறியது. அதற்கும் பின்னால் வந்த சாங் வம்சத்தின் அரண்மனையில் களத்தின் நடுவே ஒரே ஒரு கோல். ஒன்பது மீட்டர் உயரத்துக்குக் கம்பங்கள், மேலே ஓரடி அகல ஓட்டை. இரு அணிகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று, மோதிக்கொள்ளாமல், அதற்குள் பந்தை உதைத்து அனுப்ப வேண்டும். வென்றவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம், தோற்ற அணியின் தலைவனுக்குச் சவுக்கடி. கோலே இல்லாத வகையும் பெருகியது. பந்தைத் தரையில் விடாமல் தோள், முட்டி, பாதம் என்று தட்டிக்கொண்டே இருப்பது. பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எதிராளி இல்லாத ஆட்டத்தை எத்தனை காலம் வேடிக்கை பார்ப்பது? சூஜூ இளைக்கத் தொடங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங், பந்தாடும் படைவீரனின் காலை வெட்டச் சொல்லி 1389ல் ஆணையிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன் சுவாண்டே பேரரசரை, அரண்மனையில் உட்கார்ந்து சூஜூ பார்க்கும் கோலத்தில் வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது.