சீசன் கல்லாவும் ஆகஸ்ட் கடனும்: குன்னூர் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: குன்னூரில் ஆறு ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். நாங்களே செய்யும் ஹோம்மேட் சாக்லேட்டுடன் தேயிலைத்தூள், நீலகிரித் தைலம், வார்க்கி ஆகியவற்றையும் விற்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் உட்கார நேரமிருக்காது. ஆனால் ஆகஸ்ட் வந்தால் சரக்கு எடுக்கவே தண்டல் வாங்க வேண்டியிருக்கிறது. கடந்த மே மாத இறுதியில் கையில் இருந்த பணத்தில் கடையின் முகப்பை மாற்றினேன். ஒரு ரிசார்ட்டுக்கு மாதந்தோறும் சாக்லேட் கொடுக்கிறேன். பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. இப்போது சிம்ஸ் பூங்கா பக்கம் இன்னொரு கடை வாடகைக்கு வருகிறது. எடுக்கலாமா? நான் சிறு தேயிலை விவசாயியின் மகள், வணிகம் படித்தவள் இல்லை. மேலாண்மைப் படிப்பு எதிலாவது சேர்ந்தால் இதெல்லாம் சரியாகுமா?

பதில்: இரண்டாவது கடையை இந்த ஆண்டு எடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். படிப்பில் சேர்வது உங்கள் விருப்பம். ஆனால் இப்போதுள்ள சிக்கலைத் தீர்க்கத் தேவையானவற்றில் பெரும்பகுதியை நீங்கள் உங்கள் அப்பாவின் தோட்டத்திலேயே பார்த்து வளர்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

தேயிலை வீட்டில் எல்லா மாதமும் ஒரே வருமானம் வந்ததில்லை. மழைக்குப் பின் கொழுந்து குவியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகி, பறிப்பதற்கு ஒன்றுமிருக்காது. நாலைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்தால், அதாவது செடியை வெட்டிவிட்டால், அந்தப் பகுதியிலிருந்து சில மாதங்களுக்கு இலையே வராது, ஆனால் உரத்துக்கும் களையெடுப்புக்கும் கூலி கொடுத்தாக வேண்டும், வீட்டுச் செலவும் நிற்காது. அதனால்தான் அனுபவப்பட்ட விவசாயி முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் கவாத்து செய்வதில்லை. பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார், கொழுந்து குவிந்த மாதத்தின் பணத்தில் ஒரு பங்கைப் பனி மாதத்துக்கென்று ஒதுக்கிவிடுகிறார். அவரிடம் போய் "இந்த மாதம் நல்ல லாபமா" என்று கேட்டால் சிரிப்பார். ஆண்டு முடியாமல் லாபத்தைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை. அதே வீட்டில் பிறந்தவர் கடை வைத்ததும் மே மாதக் கல்லாவை மே மாதத்து லாபமாக எண்ணிவிடுகிறார். இந்த மலைப்பகுதியில் பல கடைக் கணக்குகளில் நான் காண்பது இதைத்தான்.

நீங்கள் தொகை எதையும் எழுதவில்லை என்பதால், உங்கள் கடையளவு கடை ஒன்றை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். உங்கள் எண்களை இதில் மாற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள். வாடகை 25,000, இரண்டு பணியாளர்களுக்கு 24,000, மின்சாரமும் சில்லறைச் செலவும் 6,000, வீட்டுக்கு எடுத்துச் செல்வது 25,000 என்று வைத்தால், கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் மாதம் 80,000 ரூபாய் வேண்டும். ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் சேர்த்து 14 லட்சம், ஆயுத பூஜை விடுமுறை விழும் அக்டோபரிலும் கிறிஸ்துமஸ் விழும் டிசம்பரிலும் சேர்த்து 8 லட்சம், மீதி எட்டு மாதங்களில் மாதத்துக்கு 1.25 லட்சம் என்று ஆண்டு விற்பனை 32 லட்சம் ஆகட்டும். சரக்கின் அடக்க விலை போக நூற்றுக்கு 35 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம்.

இந்தக் கணக்கின்படி மே 31ஆம் தேதி கையில் 3.3 லட்சம் மிஞ்சும். மகிழ்ச்சி தரும் தொகைதான். ஆனால் சாதாரண மாதம் ஒன்றில் வரும் 43,750 ரூபாயைக் கொண்டு 80,000 ரூபாய்ச் செலவைச் சமாளிக்க முடியாது. மாதந்தோறும் 36,250 ரூபாய் துண்டு விழும், எட்டு மாதங்களில் அது 2.9 லட்சம் ஆகிவிடும். ஆக, அக்டோபர், டிசம்பர் வரவை நம்பாமல் இருந்தால், மே இறுதியில் கண்ணுக்குத் தெரிந்த 3.3 லட்சத்தில் உங்கள் விருப்பத்துக்குச் செலவிடக்கூடியது 40,000 ரூபாய் மட்டுமே. முகப்பை மாற்ற எவ்வளவு ஆனது என்று நீங்கள் குறிப்பிடவில்லை, ஆனால் 40,000க்கு மேல் ஆகியிருந்தால், அந்த மிகுதி, துண்டு விழும் மாதங்களுக்கென்று இருந்திருக்க வேண்டிய பணத்திலிருந்துதான் போயிருக்கிறது. அக்டோபரிலும் டிசம்பரிலும் செலவு போக நிற்கும் 1.2 லட்சம் ஆகஸ்டுக்குள் வந்து சேர்வதில்லை.

ஆகவே செய்ய வேண்டிய முதல் வேலை, கடைக் கணக்கிலிருந்து தனியாக ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கி, ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே அன்றாட விற்பனையில் ஒரு பங்கை அதில் போட்டுவருவது. மேலே சொன்ன கணக்கில் 14 லட்சத்துக்கு 2.9 லட்சம் என்பது ஏறத்தாழ நூற்றுக்கு 21 ரூபாய். ஜூன் முதல் துண்டு விழும் மாதங்களில் அதிலிருந்து 36,250 ரூபாயைச் சம்பளம் எடுப்பதுபோல எடுத்துக்கொள்ளலாம். சீசன் முடிந்தபின் மொத்தமாக ஒதுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் ஒதுக்க மாட்டீர்கள். உறவினர் திருமணமோ பள்ளிக் கட்டணமோ ஜூனில் வந்து நிற்கும்.

அடுத்தது, நூற்றுக்கு எவ்வளவு நிற்கிறது என்பது. தேயிலை வாரியத்தின் முறைப்படி தூள் விற்ற விலையில் 65 பங்கு இலை கொடுத்தவருக்கும் 35 பங்கு ஆலைக்கும் என்று பிரித்துத்தான் மாதந்தோறும் பசுந்தேயிலைக்கு விலை அறிவிக்கப்படுகிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும் என்பதையும், குன்னூர் ஏலத்தில் போன வாரம் என்ன விலை போனது என்பதையும் டீக்கடையில் நின்றுகொண்டே சொல்லக்கூடியவர்கள் கோத்தகிரியிலும் குந்தாவிலும் ஏராளம். மற்றவர் தம் இலையில் எடுக்கும் பங்கை இவ்வளவு கூர்மையாகக் கணக்கிடும் குடும்பங்களில், சொந்தக் கடையில் ஒரு பெட்டி சாக்லேட் விற்றால் தமக்கு என்ன நிற்கிறது என்று உடனே சொல்லக்கூடியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாக்லேட் பாளத்தின் விலையோடு நிறுத்திவிடுகிறார்கள். பெட்டி, தாள், முந்திரி, பாதாம், எரிவாயு, செய்பவரின் கூலி, மழைக்காலத்து ஈரத்தில் வெளுத்துப்போய்த் தள்ளிவைப்பவை, வாடிக்கையாளர் சுவைத்துப் பார்க்கக் கொடுக்கும் துண்டுகள் எல்லாம் அடக்க விலையில் சேரவேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்ததால் 2024இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. அதற்கு முன் குறித்த விலையிலேயே இன்னும் விற்றுக்கொண்டிருந்தால் உங்கள் 35 எப்போதோ 25 ஆகியிருக்கலாம். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட் மீதான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது; பாளம் தரும் மொத்த வியாபாரி அந்தக் குறைவை உங்களுக்குத் தந்தாரா என்று பழைய பில்லையும் புதிய பில்லையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சுற்றுலா வண்டி ஓட்டுநர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்தால் அதையும் இந்தக் கணக்கில் பார்க்கவேண்டும். ஆயிரம் ரூபாய் விற்பனையில் நிற்கும் 350 ரூபாயிலிருந்து நூற்றுக்கு 20 வீதம் 200 ரூபாய் ஓட்டுநருக்குப் போனால் மிஞ்சுவது 150. கமிஷன் இல்லாத ஒரு விற்பனைக்கு ஈடாக இத்தகைய விற்பனை இரண்டுக்கு மேல் நடக்கவேண்டும். ஓட்டுநர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கும் சீசன் இரண்டு மாதந்தான். ஆனால் கமிஷனைச் சமாளிக்கச் சீசனில் விலையை ஏற்றும் கடைக்கு உள்ளூர்க்காரர் மறுபடி வருவதில்லை, அந்த இழப்பு ஆகஸ்டில்தான் தெரியும்.

உள்ளூர்க்காரர்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. இந்த எண் வருங்காலத்தில் கூடலாம், குறையலாம். ஆனால் சீசன் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு தானாகப் பெருகிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடையை விரிவாக்குவது இனிப் பாதுகாப்பானது அல்ல. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெருந்தொற்றால் கோடை சீசனே இல்லாமல் போனது. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு, மலைப்பாதை அடைபட்டால் சுற்றுலாப் பயணி வரமாட்டார், உள்ளூர்க்காரர் மட்டுமே வருவார் என்று விளக்கத் தேவையில்லை.

எனவே துண்டு விழும் எட்டு மாதங்களைக் கவனியுங்கள். அந்த மாதங்களில் விற்பனை மாதத்துக்கு 25,000 ரூபாய் கூடினால், நூற்றுக்கு 35 வீதம் ஆண்டுக்கு 70,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். அதற்குப் புதிய வாடகை இல்லை, கமிஷனும் இல்லை. வெலிங்டனில் முப்படை அதிகாரிகளின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது; பயிற்சி முடிந்து ஊர் மாறும் குடும்பங்கள் ஆண்டுதோறும் அன்பளிப்பு வாங்குகின்றன. விடுதிப் பள்ளிகள், மருத்துவமனைகள், தோட்ட அலுவலகங்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் சிறு பெட்டி, உள்ளூர்க்காரருக்கு ஆண்டு முழுவதும் ஒரே விலை, அட்டையில் அச்சிட்டிருக்கும் எடைக்குக் குறையாத சரக்கு ஆகிய மூன்றையும் தவறாமல் கடைப்பிடியுங்கள். எடையைத் தனியாகச் சொல்லக் காரணம், மழை நாளில் இலை எடை போடும்போது ஈரத்துக்கென்று ஏஜென்ட் கழிக்கும் கிலோவைப் பற்றி உங்கள் வீட்டில் எத்தனை முறை பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். 250 கிராம் பெட்டியில் 240 கிராம் இருந்தால் உங்கள் வாடிக்கையாளரும் வீட்டில் அப்படித்தான் பேசுவார்.

கூரியர் விற்பனையும் மெல்லிய மாதங்களுக்கு உதவும். கோகோ வெண்ணெய் 32 முதல் 34 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் என்பதால், கோடையில் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் பெட்டி பாழாகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அனுப்பினால் அந்த அச்சம் குறைவு. வரி விஷயத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்றாலும், வெளிமாநிலத்துக்கு அனுப்பி விற்றால் அந்த வரம்பு உதவாது, முதல் பொட்டலத்துக்கே பதிவு வேண்டும். பெங்களூரிலிருந்து வந்தவர் கடையிலேயே வாங்கிச் சென்றால் பொதுவாக அது வெளிமாநில விற்பனை ஆகாது.

ரிசார்ட் பாக்கிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சாக்லேட்டை நீங்களே செய்வதால், சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் உற்பத்தியாளராக இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதன்பின் உங்களிடம் சரக்கு எடுத்தவர், எழுத்து மூலம் எந்தத் தவணையை ஒப்புக்கொண்டிருந்தாலும் 45 நாட்களுக்குள்ளும், எழுத்து மூலம் எதுவும் இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகத் தரவேண்டும். தவணை கடந்த பாக்கியை, செலுத்தும்வரை தம் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளவும் அவர்களால் முடியாது. ஆகவே பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டு, நிதியாண்டு முடிவதற்கு முன்பே, பிப்ரவரி இறுதியில் நிலுவைப் பட்டியலை அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கு மரியாதையான ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள். மேலாளரிடம் நேரில் கேட்பதைவிட இது விரைவாகப் பலிக்கும்.

தண்டலைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்லவேண்டியிருக்கிறது. 10,000 ரூபாய் என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாட்கள் வாங்குவது வழக்கமான முறை. பார்ப்பதற்குப் பத்து விழுக்காடுபோல் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது அந்தத் தொகையில் பாதிதான். ஆண்டுக்குக் கணக்கிட்டால் வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். நூற்றுக்கு 35 நிற்கும் வியாபாரம் இதைத் தாங்காது. சரக்குக்கென்று ஓவர்டிராஃப்ட் வசதியோ முத்ரா கடனோ கேட்டு வங்கிக்குப் போங்கள், ஆனால் ஆகஸ்டில் போகாதீர்கள். சீசன் வரவு முழுவதும் கல்லாவில் நின்றுவிடாமல் வங்கிக் கணக்கு வழியாகப் போய்வந்திருக்க, ஜூன் முதல் வாரத்தில் கடந்த ஆறு மாத வங்கி அறிக்கையோடு போனால் மேலாளர் பேசும் விதமே வேறாக இருக்கும்.

இனி அந்த இரண்டாவது கடை. சிம்ஸ் பூங்காவில் மே மாதப் பழக்கண்காட்சி நடக்கும்போது அதன் சுற்றுப்புறத்தில் எந்தக் கடையைப் பார்த்தாலும் எடுக்கத் தோன்றும். இப்போதுள்ள கடைக்கு ஓராண்டு முழுவதும் தண்டல் இல்லாமல் சரக்கு எடுத்தபின், அடுத்த ஆகஸ்டில், ஒரு புதன்கிழமை பிற்பகல் அங்கே போய் மூன்று மணி நேரம் நின்று, எத்தனை பேர் நடந்து போகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் பக்கத்துக் கடைகளில் பணம் கொடுத்து ஏதாவது வாங்குகிறார்கள் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டு அந்த மாதத்து வாடகையைக் கட்ட முடியுமென்றால், உரிமையாளரிடம் முன்பணம் எப்போது, எந்த நிபந்தனையில் திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மாதக் கணக்குடன் மறுபடி எழுதுங்கள். அதற்குள் அந்தக் கடையை வேறொருவர் எடுத்துவிட்டால், அவர் வரும் ஆகஸ்டை எப்படிக் கடக்கிறார் என்பதைச் செலவில்லாமல் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.