முன்பக்கம் ஆடாமல் 250-ஐத் தாண்ட: வாசகர் கேள்விகள்

நேர்கோட்டு வேகப் பந்தயக் கார்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி என்ஜினைப் பற்றியவை. அவற்றை இந்த முறை ஒதுக்கிவிட்டேன். என்ஜின் போதாவிட்டால் கார் மெதுவாகப் போகும், அதோடு சரி. முன் ஆக்சிலும் டயரும் போதாவிட்டால் கார் எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது.

கருப்பூர், பொறியியல் மாணவர்கள்: 250 கி.மீ. வேகத்துக்கு ஒரு கார் கட்டுகிறோம். டிராக் ரேஸ் (drag race) கார்களின் ஒல்லியான முன் டயர் செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. காற்றுத் தடையும் குறையும். போடலாம்தானே?

வேண்டாம் தம்பிகளா. டிராக் ரேஸ் 400 மீட்டர் சமாச்சாரம். டயர் சூடாகத் தொடங்கும்போதே பந்தயம் முடிந்துவிடும். நேர்கோட்டு வேகக் கார்கள் ஓடும் அமெரிக்காவின் பான்வில் உப்புப் படுகையில் அப்படி இல்லை. கார் பல கிலோமீட்டர் வேகம் ஏற்றிக்கொண்டே போய், அளவெடுக்கும் மைலை முழு வேகத்தில் கடக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செ.மீ. விட்டமுள்ள டயர் 250 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 2,200 தடவை சுற்றும். அதன் மேல்பரப்பில் இருக்கும் 10 கிராம் ரப்பர், 16 கிலோ விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். 400 கி.மீ. வேகத்தில் அதே 10 கிராமுக்கு 42 கிலோ. அதனால்தான் இந்தப் பந்தயத்துக்கென்றே செய்யும் டயர்களில் பட்டன் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் அளவுக்கு ரப்பர் மெல்லியதாக இருக்கும். நம் ஊரில் பட்டன் ஆழமாக இருந்தால் நல்ல டயர் என்போம். இங்கே ஆழமான பட்டன் வெறும் சுமை. ரீபட்டன் டயரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதே பதில்தான், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு எல்லையைத் தாண்டிய வேகத்தில், தரையை விட்டு விலகும் இடத்தில் டயரின் பரப்பு அலை அலையாக நெளியத் தொடங்கும். ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்புவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடுவதுதான் காரணம். அந்த நெளிவு முழுவதும் சூடாக மாறி, சில நிமிடங்களில் டயர் பிரிந்துவிடும். காற்று குறைவாக இருந்தால் இது இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும்.

உங்கள் 250-க்குச் சாதாரண ரேடியல் டயரே போதும், ஆனால் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படியுங்கள். எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கி.மீ. நான் ஒய் தவிர வேறெதையும் வாங்கமாட்டேன். எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் சுமையைச் சொல்கிறது. 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ. கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். செகண்ட்ஹேண்ட் டயரில் இந்த நான்கு இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் கடைக்காரரோடு பேச்சே வேண்டாம். ஒல்லியான அளவில் ஒய் கிடைக்காவிட்டால் அகலமானதையே போடுங்கள், காற்றுத் தடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. ரப்பர் வால்வையும் மாற்றிவிடுங்கள். வேகத்தில் அது வெளிப்பக்கமாக வளையும். இரும்பு வால்வு, இரும்பு மூடி.

சங்ககிரி, லாரிப் பட்டறை வைத்திருப்பவர்: என் மருமகன் இப்படி ஒரு கார் கட்டுகிறான். காஸ்டர் 15 டிகிரி என்கிறான். நாங்கள் லாரிக்கு வைப்பது அதில் கால்வாசிகூட வராது. பையன் சொல்வது சரியா?

சரிதாங்க, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். சைக்கிள் ஃபோர்க்கைப் பாருங்கள், பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். கிங்பின் (முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு) கோடு தரையைத் தொடும் இடம் டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழுவதால், சக்கரம் தானாகவே நேராக நிற்கப் பார்க்கும். 30 செ.மீ. ஆரமுள்ள டயருக்கு 5 டிகிரி வைத்தால் அந்த இடைவெளி 2.6 செ.மீ.; 15 டிகிரி வைத்தால் 8 செ.மீ. உப்புத் தரையில் பிடிமானம் தார் ரோட்டைவிட வெகு குறைவு. பின்பக்கம் லேசாக வழுக்கினால், காஸ்டர் அதிகமுள்ள முன்சக்கரம் ஓட்டுபவர் யோசிப்பதற்கு முன்பே கார் போகும் திசைக்குத் திரும்பிவிடும். சாதாரணக் கார்களில் 3 முதல் 7 டிகிரி வரை இருக்கும். இந்தக் கார்களில் 10-க்கு மேல் வைப்பதும் 15-ஐத் தாண்டுவதும் புதிதல்ல.

சொல்லாத பாதி இதுதான். காஸ்டர் கூடும்போது ஸ்டியரிங் கனக்கும். திருப்பினால் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இறங்கும். முக்கியமாக, கிங்பின் புஷ்ஷிலோ டை ராட் (இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் கம்பி) முனையிலோ துளி ப்ளே, அதாவது தளர்வு, இருந்தாலும் சக்கரம் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். அதை அடக்க ஸ்டியரிங் டேம்பர் வாங்குவார்கள். டேம்பர் போடட்டும், ஆனால் முதலில் ப்ளேயை எடுக்கட்டும். புண்ணுக்கு மருந்து போடாமல் கட்டு மட்டும் கட்டுகிற கதையாகிவிடக் கூடாது.

கிங்பின் கோட்டை முன்னாலிருந்து பார்த்து, அது தரையில் டயரின் நடுவே விழுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆஃப்செட் (ஹப்பிலிருந்து வீல் உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் அளவு) தப்பான வீல் போட்டால் அந்தக் கோடு உள்ளே தள்ளி விழும். அப்புறம் ஒரு முன் டயர் காற்றிழந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். டோ-இன், அதாவது முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்பக்கம் சாய்ந்திருப்பது, மொத்தம் 2 மி.மீ. அளவில் போதும். பின்சக்கரம் தள்ளும் காரில் தரையின் இழுப்பு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் திறக்கப் பார்க்கும், அதற்குத்தான் இது. ஆள் உட்கார்ந்து, பெட்ரோல் நிரப்பி, ஈயக்கட்டி எல்லாம் ஏற்றிய பிறகு அளக்க வேண்டும்.

உங்களிடம் பழைய லாரி ஸ்டியரிங் பாக்ஸ் கிடக்கும். கனம்தான், ஆனால் அதன் மெதுவான ரேஷியோ (ஸ்டியரிங்கை நிறையச் சுற்றினால்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும்) இங்கே நல்லது. 300 கி.மீ. வேகத்தில் ஓட்டுபவர் தும்மினால் கார் லேன் மாறக் கூடாது அல்லவா?

கருப்பூர் மாணவர்களே மீண்டும்: முன் ஹப்பிலும் ஆக்சிலிலும் துளை போட்டு எடையைக் குறைக்கலாமா?

கோ-கார்ட் பழக்கம்! அங்கே ஒவ்வொரு கிராமும் காசு. இங்கே வேகம் எடுக்கப் பல கிலோமீட்டர் இடம் இருக்கிறது, எடையால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. பான்வில்லில் பிடிமானத்துக்காக ஈயம் ஏற்றி ஓட்டுகிறார்கள். துளை போடாதீர்கள்.

சூரமங்கலம்: உப்பில் ஓடும் கார் என்றால் துருப் பிடிக்கும். நம் சேலம் ஸ்டீல் பிளான்ட்டின் ஸ்டெயின்லெஸ் இருக்கும்போது முன் ஆக்சிலையும் ஸ்டப் ஆக்சிலையும் (சக்கரம் மாட்டும் முனை) அதிலேயே செய்தால் என்ன?

ஊர்ப்பற்று எனக்கும் உண்டு. ஆனால் பாத்திரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பொருத்தமான 304 ரக ஸ்டெயின்லெஸ் சுமார் 205 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். பதப்படுத்திய ஈஎன் 24 ரக எஃகு அதைப்போல மூன்று மடங்கு தாங்கும். போதாததற்கு, உப்பின் குளோரைடு 304-ஐயும் குழி குழியாக அரிக்கும்; இழுவிசையில் இருக்கும் இடத்தில் விரிசலும் விடும். ஸ்டப் ஆக்சிலை ஈஎன் 24-ல் கடையுங்கள், தடிமன் மாறித் தோள் வரும் இடத்தில் கூர்மையான மூலை விடாமல் ரேடியஸ் கொடுத்து வளைவாக்கச் சொல்லுங்கள். லேத்காரர் அவசரத்தில் விடும் அந்த மூலையில்தான் உடையும். ஈஎன் 24-ல் வெல்டிங் வைப்பதாக இருந்தால் முன்சூடு இல்லாமல் வைக்காதீர்கள். துருவுக்கு மருந்து எளிது: ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் பூசுங்கள்.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: நண்பரின் மகன் கட்டிய காரை எங்கள் மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டினால் முன்பக்கம் உறுதி என்றுதானே அர்த்தம்?

இல்லைங்க. மலைப்பாதை பிரேக்கையும் ஸ்டியரிங் எவ்வளவு ஒடிக்கிறது என்பதையும் சோதிக்கும். கொண்டை ஊசியில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகம் திரும்ப வேண்டும். நேர்கோட்டுக் காருக்கு அந்த வேலையே கிடையாது. 15 டிகிரி காஸ்டரோடு மூன்றாவது வளைவிலேயே தோள்பட்டை கழன்றுவிடும், பின்னால் வரும் பஸ்காரர் சொல்வதையும் கேட்க வேண்டியிருக்கும்.

ஏற்காடு வேறொரு விதத்தில் உதவும். பான்வில் சுமார் 1,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு அதைவிடக் கொஞ்சம்தான் உயரம் என்பதால் கார்புரேட்டரை உங்கள் தோட்டத்தில் நிறுத்தி வைத்துச் சரிபார்த்தால் அர்த்தம் உண்டு. டயர் காற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் 2 பிஎஸ்ஐ வரை கூடக் காட்டும். குளிரால் ஏறக்குறைய அதே அளவு குறையும். அதனால்தான் உங்கள் ஜீப்பில் வித்தியாசம் தெரிவதில்லை.

அம்மாபேட்டை: விமான டயர் போட்டால் என்ன? ஜெட் கார்களில் டயரே இல்லை என்கிறார்களே, உண்மையா?

இரண்டுக்கும் ஒரே கார் பதில் சொல்லும். பிரிட்டனின் பிளட்ஹவுண்ட், 2017-ல் நியூகே விமான ஓடுதளத்தில் ஓடியபோது லைட்னிங் போர் விமானத்தின் டயர்களைப் போட்டிருந்தார்கள். 210 மைல் வேகம் தொட்டது. 2019-ல் தென்னாப்பிரிக்காவின் ஹாக்ஸ்கீன் பாலைப் படுகையில் 628 மைல் போனபோது முழு அலுமினியச் சக்கரம், ரப்பரே கிடையாது. மணிக்கு 1,000 மைலில் அந்தச் சக்கரத்தின் விளிம்பு புவியீர்ப்பைப்போல 50,000 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். எந்த ரப்பரும் அதில் நிற்காது. 1997-ல் 763 மைலோடு ஒலியைத் தாண்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி-யும் அலுமினியச் சக்கரத்தில்தான் ஓடியது. அந்தக் கார் பின்சக்கரத்தால் திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இன்றைய தலைப்புக்கு எதிரி என்றாலும்.

உங்களுக்கு விமான டயர் வேண்டாம். விமானத்தின் பாரத்துக்குச் செய்தது. லேசான காரின் முன்பக்கத்தில் கல்லாக நிற்கும்.

ஆத்தூர்: சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் விடியற்காலை மூன்று மணிக்கு ஆளே இல்லை. ஒரே ஒரு டெஸ்ட்...

கூடாது. மூன்று மணிக்குத்தான் காய்கறி வண்டி வரும்.

மேட்டூர்: வீட்டில் ஒரு அம்பாசடரும் ஒரு பழைய ஜீப்பும் கிடக்கின்றன. எதன் முன்பக்கத்தை எடுக்கலாம்?

அம்பாசடரில் ஸ்பிரிங்காக டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, தனித்தனியாக ஆடும் சக்கரம், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். ரோட்டுக்கு அருமை. ஆனால் காஸ்டரை வேண்டிய அளவு கூட்டுவது பெரும்பாடு, தேயும் இடங்களும் அதிகம். ஜீப்பில் இருப்பதுபோன்ற நேரான ஆக்சிலில் காஸ்டர், டோ இரண்டும் வைத்த இடத்தில் நிற்கும். ஜீப் நான்கு சக்கர இழுவையாக இருந்தால் முன்னால் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்கும், அது பயன்படாது. இரண்டையும் விட்டுவிட்டுக் குழாய் ஆக்சில் ஒன்று புதிதாகச் செய்யுங்கள். அம்பாசடரை ஓட்டுங்கள்.

ஓமலூர், மாணவி: டை ராடுக்கு ராட் எண்ட் (உள்ளே உருண்டை சுழலும் மூட்டு) போடுகிறோம். கண்காட்சிக்காக முன்பக்கம் முழுக்கக் குரோம் பூசச் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

ராட் எண்ட் உருண்டை கழன்று வந்தாலும் டை ராட் போல்ட்டை விட்டு வெளியே போகாதபடி, உருண்டையைவிடப் பெரிய வாஷர் ஒன்றைப் போல்ட்டின் தலைப்பக்கம் போடுங்கள் அம்மா. பத்து ரூபாய் வாஷர்தான், ஆனால் நான் முதலில் தேடுவது அதைத்தான். ராட் எண்டின் இரண்டு பக்கமும் தகட்டுக் காது வைத்துப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. மரை, போல்ட் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும்.

குரோம் வேண்டாம். பூசும் தொட்டியில் ஹைட்ரஜன் கெட்டி இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். உடனே சூளையில் வைத்து வெளியேற்றாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். பூச்சுக்குக் கீழே விரிசல் வந்தாலும் தெரியாது. வெள்ளை பெயிண்ட் மெல்லியதாக அடியுங்கள், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.