உள்சட்டையில் நண்பர் பெயர்: அட்டை வருமா?

கால்பந்தாட்டத்தில், இறந்துபோன சக வீரரின் பெயரை உள்சட்டையில் எழுதி, கோல் போட்டதும் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விதிகள் இருக்கின்றன, பலரும் அவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஜெர்சியைக் கழற்றினாலோ தலைக்கு மேல் இழுத்து மூடினாலோ மஞ்சள் அட்டை. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் சரி, கோல் செல்லாமல் போனாலும் சரி. 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் வெற்றி கோல் போட்ட ஸ்பெயின் வீரர் இனியஸ்தா, ஜெர்சியைக் கழற்றி மறைந்த நண்பர் டானி ஹார்கேவின் பெயரைக் காட்டியபோதும் அட்டை விழுந்தது. அவர் அதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார், அது வேறு!

இன்னொன்று, வீரர்களின் உடை பற்றிய 4ஆம் விதி. அரசியல், மதம், தனிப்பட்ட வாசகம் எதுவும் உடையில் இருக்கக் கூடாது, உள்சட்டையிலும்தான். இதற்குத் தண்டனை தருவது போட்டியை நடத்துபவர்கள். 2020இல், அமெரிக்கப் போலீஸ் பிடியில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்கு நீதி கேட்டு எழுதிய உள்சட்டையைக் காட்ட, ஜெர்மன் லீகில் டார்ட்மண்ட் அணி வீரர் சான்சோ ஜெர்சியைக் கழற்றினார், அட்டை வாங்கினார். அதே ஆட்டத்தில் அவருடைய அணியின் ஹகீமி ஜெர்சியைத் தூக்கி மட்டும் காட்டினார், நடுவர் விட்டுவிட்டார். ஜெர்மன் கால்பந்துச் சங்கமும் இருவர் மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. ஆனால் எல்லா அமைப்பாளர்களும் அப்படிப் பெருந்தன்மையாக இருப்பார்கள் என்று நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால், அமைப்பாளர்களிடம் முன்பே எழுத்தில் அனுமதி வாங்கி, அணி முழுவதும் கையில் கறுப்புப் பட்டை கட்டுங்கள். உள்சட்டைதான் வேண்டும் என்றால், ஏற்கெனவே ஒரு மஞ்சள் வாங்கியவர் ஜெர்சியைக் கழற்றவே வேண்டாம். இரண்டாவது மஞ்சள் என்றால் நேராக வெளியேதான்.