நான்சென் துருவத்தைத் தொடவில்லை

அன்புள்ள ஐயா,

துருவப் பயணிகள் பற்றிய கட்டுரையில் நார்வேக்காரர் ஃப்ரிட்ஜோஃப் நான்செனை எல்லோருக்கும் மேலே வைத்திருக்கிறீர்கள். அவர் வட துருவத்தை எட்டவே இல்லையே? பிற்காலத்தில் அறிவியலை விட்டுவிட்டு அகதிகள் பணி என்று போய்விட்டார். தென் துருவத்தை முதலில் எட்டிய அமுண்ட்சென் போல ஒரே குறியாக நின்றவர் அல்லவா பெரியவர்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துருவத்தைத் தொட்டாரா என்று மட்டும் கேட்டால் உங்கள் கட்சிதான் சரி. ஆனால் அவர் போன ஃப்ராம் என்ற கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்று பாருங்கள்.

1881-இல் ஜெனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டு கழித்து அதன் பொருட்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. பனியோடு மிதந்து துருவக் கடலைக் கடந்துதான் அவை வந்திருக்க வேண்டும் என்றார் நார்வேயின் வானிலை அறிஞர் மோன். அப்படியென்றால் ஒரு கப்பலும் வரலாமே என்று நினைத்தார் நான்சென். பனியில் சிக்கிவிடக் கூடாதே என்று மற்றவர்கள் பயந்தபோது, சிக்குவதற்கென்றே ஒரு கப்பலைக் கட்டவைத்தார். அடிப்பாகம் உருண்டையாக இருந்ததால் பனி நெருக்க நெருக்க அது மேலே எழும்பும். தற்கொலைத் திட்டம் என்றார் துருவ அனுபவம் மிக்க கிரீலி. 1893-இல் பனியில் உறைந்த ஃப்ராம் 1896 ஆகஸ்டில் முழுதாக வெளியே வந்தது. போன 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளில் என்ன செய்தார்கள்? அளந்தார்கள். ஆழமில்லாத கடல் என்று நினைத்துப் போன இடத்தில் அளவுக் கயிறு போதவில்லை. கப்பலின் எஃகு வடத்தைப் பிரித்து நீளமான கம்பி திரித்து இறக்கினார்கள். 3,000 மீட்டருக்கும் கீழே போனது. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று: காற்று வீசும் திசையில் பனி நேராகப் போகவில்லை. 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகியது. பூமியின் சுழற்சிதான் காரணம் என்று நான்சென் ஊகித்தார். அந்தக் கணக்கை வாக்ன் எக்மன் என்ற இளைஞர் போட்டு முடித்தார். கரையோரங்களில் ஆழ்நீர் மேலெழுந்து மீன்வளம் பெருகுவதை இன்றும் அந்தக் கணக்கை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

1895 மார்ச்சில் கப்பலை விட்டு இறங்கி, குழுவிலிருந்த ஜோஹான்செனோடு நாய் வண்டியில் துருவம் நோக்கிப் போனதுதான் அவர் செய்ததிலேயே எனக்கு ஒப்பாத காரியம். 86 டிகிரி தாண்டித் திரும்ப வேண்டியதாயிற்று. ஆர்க்டிக் கடலின் ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கரடி இறைச்சி தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். இதற்கிடையில் ஃப்ராம் தானாகவே மிதந்து, அவர்கள் எட்டிய இடத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கு வரை போய்விட்டது!

அறிவியலை விட்டுவிட்டார் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 1908-இல் கடலியல் பேராசிரியர் ஆனார்; நார்வேக் கடலைப் பற்றிக் கடலியல் அறிஞர் ஹெல்லண்ட்-ஹான்செனோடு பெரிய ஆய்வு நூல் எழுதினார். அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போனது எந்தக் கப்பலில் தெரியுமா? இதே ஃப்ராமில். தானே தென் துருவம் போக வேண்டும் என்றிருந்த நான்சென் அந்தக் கப்பலை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

முதல் உலகப் போர் முடிந்தபின் நான்கு லட்சத்துக்கும் அதிகமான போர்க் கைதிகளை வீடு சேர்த்த பணி அவர் பொறுப்பில் நடந்தது. ரஷ்யப் புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்களின் குடியுரிமையைச் சோவியத் அரசு பறித்துவிட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அவர்கள் எல்லையைக் கடக்க முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்காக 1922-இல் வந்ததுதான் நான்சென் பாஸ்போர்ட். பிறகு ஆர்மீனியர்களுக்கும் கிடைத்தது. காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றுக்கொண்டன. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் எழுத்தாளர் நபக்கோவும் வைத்திருந்தது அதைத்தான். 1922-இலேயே கிடைத்த நோபல் அமைதிப் பரிசின் பணத்தையும் நிவாரண வேலைக்கே கொடுத்தார்.

அமுண்ட்செனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரளவுக்குக் கச்சிதமாகத் திட்டமிட்ட பயணி வேறு யாருமில்லை. ஆனால் இருவரில் ஒருவரைச் சொல்லச் சொன்னால், நான்சென் பெயரைத்தான் சொல்வேன்.

அன்புடன்.