வெளியே மாறாத அழுத்தம், உள்ளே?

கேள்வி: ஐயா, மாறா அழுத்தத்தில் உறிஞ்சிய வெப்பமே என்தால்பி மாற்றம் என்று படித்தேன். ஒரு மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வினில், 10 வளிமண்டல அழுத்தத்திலிருந்து 1 வளிமண்டல அழுத்தத்துக்கு விரிகிறது. புற அழுத்தம் மாறாமல் 1, வெப்பநிலையும் மாறவில்லை. வெப்பம் 2.24 கிலோஜூல் வந்தது. என்தால்பி மாற்றமும் அதுவே என்று எழுதினேன். விடைப் பகுதியில் பூஜ்யம் என்று இருக்கிறது. எது சரி?
– பிளஸ் 1 மாணவி

பதில்: பூஜ்யம்தான் சரி, அம்மா. 2.24-ம் சரி. இரண்டுக்கும் நடுவே சமக்குறி போட்டதுதான் வம்பு.

உன் கணக்கில் மாறாமல் இருப்பது வெளியே உள்ள அழுத்தம் மட்டுமே. உள்ளே வாயு 10-லிருந்து 1-க்கு இறங்கிவிட்டதே! வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமமாக வேண்டுமானால், தொடக்கத்திலும் முடிவிலும் வாயுவின் சொந்த அழுத்தம் புற அழுத்தத்தோடு ஒத்திருக்க வேண்டும். விரிவு வேலையைத் தவிர வேறு வேலையும் கூடாது. மின்கலம் வந்தால் மின் வேலையும் சேர்ந்துவிடும், இந்த விதி செல்லாது. என்தால்பி என்பது அக ஆற்றலோடு (வாயுவுக்குள் இருக்கும் ஆற்றல்) அழுத்தம், கனஅளவு இரண்டின் பெருக்கலைக் கூட்டியதுதானே. கனஅளவைப் போட்டுப் பார். முதலில் 2.46 லிட்டர், முடிவில் 24.6 லிட்டர். அழுத்தத்தால் பெருக்கினால் இரண்டு இடத்திலும் 24.6. வெப்பநிலை மாறாததால் அக ஆற்றலும் மாறவில்லை. பிறகு என்தால்பி எங்கிருந்து மாறும்?

உண்மையான மாறா அழுத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. திறந்த முகவையில் நீர்த்த அமிலம், அதில் துத்தநாகத் துண்டு. வினாத்தாளில் அழுத்தம் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. 'திறந்த' என்ற சொல்லே போதும் என்பது கேள்வி எடுப்பவர்களின் நினைப்பு. (எனக்கு இந்தச் சிக்கனம் பிடிப்பதில்லை.) ஒரு மோல் துத்தநாகம், அதாவது 65.4 கிராம், கரைந்தால் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 24.5 லிட்டர் ஹைட்ரஜன் எழும். அது காற்றைத் தள்ளிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். அந்த வேலைக்கு 2.48 கிலோஜூல் செலவு. மீதி, ஏறக்குறைய 153 கிலோஜூல், வெப்பமாக வெளிவரும். அதுதான் என்தால்பி மாற்றத்தின் அளவு. இறுக மூடிய கலத்தில் நடத்தினால் தள்ளுவதற்கு எதுவும் இல்லை, அந்த 2.48-ம் வெப்பமாகவே வந்துவிடும்.

இன்னொன்று. மாறா அழுத்தம் என்றால் 1 வளிமண்டலம் என்று பொருள் அல்ல. ஊட்டியில் காற்றழுத்தம் அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். அங்கேயும் முகவை திறந்திருந்தால் மாறா அழுத்தமே.

அமிலத்தையும் காரத்தையும் கலக்கும் கணக்கில் இதற்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்ளாதே. வாயு எழவில்லை, என்தால்பி மாற்றத்துக்கும் அக ஆற்றல் மாற்றத்துக்கும் வேறுபாடு தெரியாது. பாம் கலோரிமீட்டர் (இறுக மூடிய கலத்தில் வெப்பத்தை அளக்கும் கருவி) என்று கண்டால் மட்டும் நில். அது தருவது அக ஆற்றல் மாற்றம். வாயு மோல்களின் எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று சமன்பாட்டில் எண்ணிப் பார்த்து, திருத்தம் சேர்த்த பிறகே என்தால்பி என்று எழுது.